செங்காந்தளை எங்கே நடுவது?

திருவண்ணாமலையில் மகாதீபம் ஏற்றும் கார்த்திகையையொட்டி வேலிகளில் சுடர்போல் மலர்வது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். குளிர்நாட்டு ஐரிஸ் கிழங்கை வாங்கி இவ்வெயிலில் வாடவிடுவதினும் இதனை வளர்ப்பது மேல். கலப்பை வடிவக் கிழங்கில் 50 முதல் 60 கிராம் எடையுள்ளதாகவும், முனை முறியாததாகவும் தேர்ந்தெடுங்கள். முளை அம்முனையில்தான் உள்ளது. ஆடியில், நீர் தேங்காத மண்ணில் கையுறை அணிந்து நடுங்கள். இலைநுனியே சுருண்டு பந்தலைப் பற்றிக்கொள்ளும். பசுமஞ்சளாய் விரியும் இதழ்கள் நாளடைவில் செந்நிறமாகும்.

எனினும் சமையலறைத் தோட்டத்தில் மட்டும் நடவேண்டா. கண்வலிக்கிழங்கு என்பதும் இதுவே. செடி முழுதும் நஞ்சு; கிழங்கை வள்ளிக்கிழங்கென மயங்கி உண்டு உயிரிழந்தோர் உண்டு. இதிலுள்ள கோல்சிசின், கவுட் என்னும் மூட்டுநோய்க்கு மருத்துவர் அளந்து தரும் மருந்தே. அதற்காகக் கிழங்கையே கைவைத்தியமாக உட்கொள்ளலாகாது. சிறுநீரக நோயாளிகளுக்கு இடர் இன்னும் மிகுதி.

உண்டவுடன் ஒன்றும் தோன்றாது. சில மணி நேரத்திற்குப் பின்னரே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். சில நாள்களில் இரத்த அணுக்கள் குறையும், பின்னர் முடி உதிரும். ஆகவே அறிகுறிக்குக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். செடியின் ஒரு துண்டையும் உடன் கொண்டுவாருங்கள். நடுவதாயின் குழந்தைகளும் ஆடுமாடுகளும் எட்டாத வேலியோரமே ஏற்ற இடம்.