பிலடெல்பியாவின் மறைந்த நீர்மாடம்

1793ஆம் ஆண்டுக் கோடையில் பிலடெல்பியா நகரை மஞ்சள் காய்ச்சல் பற்றியது. அப்போது அந்நகரம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகரம். ஏறத்தாழ 50,000 மக்கள் வாழ்ந்த துறைமுகம். குளிர்காலம் வருவதற்குள் ஏறத்தாழ 5,000 பேர் மாண்டனர். அதாவது பத்தில் ஒருவர். குடியரசுத் தலைவர் வாசிங்டனும் அமைச்சர்களும் வசதி படைத்தோரும் நகரைவிட்டு வெளியேறினர். வெளியேற வழியற்ற ஏழைகளே பெரிதும் மடிந்தனர். 1797இலும் 1798இலும் அந்நோய் மீண்டும் வந்தது.

நோய்க்குக் காரணம் என்ன? அழுகிய குப்பையிலிருந்தும் தேங்கிய கழிவிலிருந்தும் எழும் தீய காற்றே காரணம் என்று அக்கால மருத்துவர் பலர் கருதினர். தெருக்களைக் கழுவவும் காற்றைக் குளிர்விக்கவும் நிறைந்த நீர் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. குடிநீர்க் குறையும் கண்கூடாக இருந்தது. ஒவ்வொரு மனையிலும் கிணறும் கழிவுக்குழியும் அருகருகே அமைந்திருந்தமையால் கிணற்று நீர் கெட்டிருந்தது. அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் இதனை முன்னரே உணர்ந்தவர். விசாகிக்கன் ஓடையின் நீரைக் குழாய்வழி நகருக்குக் கொணர வேண்டும் என்று 1789இல் தம் விருப்பமுறியின் பிற்சேர்க்கையிலேயே அவர் குறித்து வைத்தார்.

நகர மன்றம் நாடியது பெஞ்சமின் லட்ரோப் என்னும் இளம் பொறியாளரை. இங்கிலாந்தில் பிறந்து 1796இல் அமெரிக்கா வந்தவர் அவர். ஸ்கூல்கில் ஆற்றின் நீரை நீராவிப்பொறிகளால் உயர்த்தி நகருக்கு வழங்கலாம் என்பது அவரது திட்டம். நீராவிப்பொறி அந்நாட்டில் அரிதாக இருந்த காலம் அது. அதனை நம்பி ஒரு நகரின் தாகத்தையே ஒப்படைப்பது துணிச்சல் என்றுதான் சொல்லவேண்டும். பலர் ஐயுற்றனர், பணம் திரட்டுவதும் எளிதாக இல்லை. எனினும் 1799இல் பணி தொடங்கி, 1801 சனவரியில் நீர் பாயத் தொடங்கியது.

அதன் இயக்கம் இவ்வாறு அமைந்தது. ஆற்றங்கரையில் இருந்த முதற்பொறி, கிணற்றில் சேர்ந்த ஆற்றுநீரை மேலேற்றியது. அந்நீர் நிலத்தடியில் கட்டப்பட்ட செங்கல் கால்வாய் வழியாகத் தன் எடையாலேயே ஓடி, நகரின் நடுவில் இருந்த சதுக்கத்தை அடைந்தது. அங்கிருந்த இரண்டாம் பொறி அதனை மாடத்தின் உச்சியில் இருந்த மரத்தொட்டிகளுக்கு உயர்த்தியது. நீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு அழுத்தம் அடியில் கிடைக்கும். பத்து மீட்டர் உயர நீர்த்தம்பம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். அவ்வழுத்தமே தெருக்களின் அடியில் புதைத்த குழாய்களில் நீரைச் செலுத்தியது. குழாய்கள் இரும்பால் ஆனவை அல்ல. நடுவில் துளையிட்டு, ஒன்றன் முனையில் ஒன்றைப் பொருத்திய மரத்தண்டுகள்.

மாடத்தின் தோற்றமோ ஒரு கிரேக்கக் கோயிலை நினைவூட்டியது. சதுரமான அடித்தளம், முகப்பில் பளிங்குத் தூண்கள், மேலே வட்டவடிவக் கோபுரம், அதன்மேல் குவிமாடம். பொறியின் புகை அக்குவிமாடத்தின் உச்சித் துளை வழியே வெளியேறியது. நகர மக்கள் அதனை ‘மிளகுச்சிமிழ்’ என்று கேலியாக அழைத்தனர். ஆயினும் விழா நாள்களில் அவர்கள் கூடியதும் அதன் முன்புதான். சிற்பி வில்லியம் ரஷ் மரத்தில் செதுக்கிய நீரணங்கின் சிலையும் அங்கே நின்றது.

அழகில் குறையில்லை, பயன்பாட்டில்தான் குறை இருந்தது. பொறிகளின் கொதிகலன்கள் மரப்பலகைகளால் ஆனவை. அவை ஓயாது கசிந்தன. விறகுச் செலவு மிகுந்தது. எல்லாவற்றினும் பெரிய குறை தொட்டிகளின் சிறுமை. அரைமணி நேரத் தேவைக்குக்கூட அவை போதவில்லை. ஆகவே, இரண்டு பொறிகளுள் ஒன்று நின்றாலும் நகரம் முழுவதும் வறண்டது. அவ்வேளையில் தீப்பற்றினால் அணைக்க நீர் கிடையாது.

லட்ரோப்பிடம் பயின்ற பிரெடரிக் கிராப், சேமிப்பே நீர்வழங்கலின் உயிர் என்பதைக் கண்டுகொண்டார். ஆற்றோரம் இருந்த பேர்மவுண்ட் குன்றின் உச்சியில் அவர் பெரிய நீர்த்தேக்கம் அமைத்தார். குன்றே கோபுரமாயிற்று. 1815இல் அங்கிருந்து நீர் வரவே, சதுக்கத்துப் பொறி நின்றது. 1822 முதல் ஆற்றின் குறுக்கே கட்டிய அணையும் நீர்ச்சக்கரங்களும் விறகுச் செலவையும் ஒழித்தன. பயனற்று நின்ற மாடம் 1829இல் இடிக்கப்பட்டது.

மஞ்சள் காய்ச்சலின் உண்மைக் காரணமோ அதற்கு நெடுங்காலம் பின்னரே விளங்கியது. கியூபா மருத்துவர் கார்லோஸ் பின்லே 1881இல் கொசுவின்மேல் ஐயம் கொண்டார். 1900இல் வால்டர் ரீட் குழுவினர் அதனை மெய்ப்பித்தனர். இன்று நம்மிடையே டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் அது. அது முட்டையிடுவது தேங்கிய நன்னீரில். தீய காற்றுக்கு அஞ்சி எழுப்பிய மாடம் அந்நோயை நேராகத் தடுத்திருக்க இயலாது. ஆனால், கெட்ட கிணறுகளிலிருந்து அம்மக்களை விடுவிக்கும் பணியை அதுவே தொடங்கியது. அந்த அளவில் அது வீண்முயற்சி அன்று என்றே கருதலாம்.

மாடம் நின்ற இடத்தில் 1871இல் நகர மன்றக் கட்டடத்தின் பணி தொடங்கி 1901இல் முடிந்தது. பேர்மவுண்ட் குன்றின் நீர்த்தேக்கத்தின்மேல் இன்று நகரின் கலை அருங்காட்சியகம் நிற்கிறது. பழைய மாடத்தைக் காண விரும்புவோர்க்கு ஜான் லூயிஸ் கிரிம்மல் 1812இல் தீட்டிய ஓவியம் எஞ்சியுள்ளது. அதில் விடுதலைநாளைக் கொண்டாடும் மக்களுக்குப் பின்னே வெண்ணிற மாடமும், அதன்முன் நீரணங்கின் சிலையும் காணப்படுகின்றன.