உரியவரைத் தேடும் பணம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு ஞாயிறன்று காலைத் திருப்பலியை முடித்து நாம் பங்கு இல்லத்திற்குத் திரும்பியபொழுது, திண்ணையில் ஒரு தாய் காத்திருந்தார். கணவரை இழந்தவர். அவருடைய ஒரே மகன் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பணியாற்றி, மணமாகாமலே அங்கு நோயுற்று இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. தாயின் கையில் ஆங்கிலக் கடிதம் ஒன்று இருந்தது. "சாமி, இது என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள். என் பிள்ளையின் பெயரை மட்டுந்தான் எனக்கு அடையாளம் தெரிகிறது" என்றார்.

எழுதியவர் அந்நாட்டுத் தனியார் துப்பறிவாளர் ஒருவர். மறைந்த மகனுக்குச் சேரவேண்டிய பணம் ஒன்று இருப்பதாகவும், இணைத்துள்ள ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டால் அதனைப் பெற்றுத் தருவதாகவும், மூன்றில் ஒரு பங்கு தமக்குக் கட்டணம் என்றும் எழுதியிருந்தார். பணம் எவ்வளவு, எவரிடம் இருக்கின்றது என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஏமாற்று வேலை என்றே நாம் முதலில் எண்ணினோம். கிழித்தெறியுங்கள் என்று சொல்லவும் வாயெடுத்தோம். ஆயினும், அத்தாயின் முகத்தைப் பார்த்தபின், விசாரித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினோம். விசாரித்து அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றோம். பிள்ளைகளில் ஒருவரையேனும் கடல் கடந்து அனுப்பியிராத பங்கு இன்று அரிதன்றோ?

அமெரிக்காவில், வங்கியில் கேட்பாரற்றுக் கிடக்கும் இருப்பு, வாங்காமல் விட்ட கடைசிச் சம்பளம், காப்பீட்டுத் தொகை, பங்குகளின் ஈவு போன்றவற்றை நிறுவனங்கள் தமக்கென வைத்துக்கொள்ள இயலாது. உரியவரைக் கடிதம் வாயிலாகத் தேடவேண்டும். குறித்த காலம் கடந்தும் அவர் வராவிடில் பணத்தை மாநில அரசிடம் ஒப்படைக்கவேண்டும். சம்பளத்திற்குப் பல மாநிலங்களில் ஓராண்டு. வங்கி இருப்புக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். எந்த மாநிலத்திடம் ஒப்படைப்பது என்ற வழக்கில், உரியவரின் கடைசி முகவரி இருந்த மாநிலத்திற்கே முதலுரிமை என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1965-ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது.

அரசு அப்பணத்திற்குக் காவலரேயன்றி உடைமையாளர் அல்லர். இழந்த பொருளைக் கண்டெடுத்தவன், உரியவன் தேடி வருமளவும் அதனைத் தன் வீட்டில் காத்திருந்து திருப்பித் தரவேண்டும் என மோசேயின் சட்டம் வகுத்த நெறியை இது நினைவூட்டுகின்றது. பெரும்பாலான மாநிலங்களில் உரியவரோ அவருடைய வாரிசுகளோ எத்தனை ஆண்டுகள் கழித்தும் கோரிப் பெறலாம். அரசுக்குக் கட்டணம் எதுவும் செலுத்தவேண்டியதில்லை. பெயர்ப் பட்டியலை எவரும் இணையத்தில் பார்க்கலாம்.

இந்தப் பட்டியலை வைத்தே துப்பறிவோர் தொழில் நடத்துகின்றனர். பெரிய தொகைக்குரிய பெயர்களைத் தெரிந்தெடுத்து, பழைய முகவரிகள், மரண அறிவித்தல்கள், திருமணப் பதிவுகள், நீதிமன்ற ஆவணங்கள் ஆகியவற்றின் வழியே வாரிசுகள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கின்றனர். பின்னர் ஒப்பந்தம் பெற்று, சான்றிதழ்களைத் திரட்டி, வாரிசுகளின் சார்பில் அரசிடம் விண்ணப்பிக்கின்றனர். பணம் கைக்கு வந்தால் மட்டுமே கூலி; வராவிடில் உழைப்பு வீண். புளோரிடா மாநிலத்தில் வழக்குரைஞர், கணக்காயர், உரிமம் பெற்ற துப்பறிவாளர் ஆகியோரே, அதுவும் அரசிடம் பதிவு செய்துகொண்ட பின்னரே, இவ்வாறு விண்ணப்பிக்கலாம்.

கூலிக்கும் வரம்பு உண்டு. டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் பத்து விழுக்காட்டிற்கு மேல் பெறுதல் கூடாது. பணத்தின் தன்மையும் மதிப்பும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கவேண்டும் என்பது கலிபோர்னியாவின் சட்டம். மூன்றில் ஒரு பங்கு கேட்ட கடிதம் எத்தகையது என்பது இப்பொழுது நமக்கு விளங்கிற்று.

கணினி அறிந்த நம் பங்கு இளைஞர் ஒருவர் டெக்சாஸ் அரசின் இணையதளத்தில் தேடினார். மகனின் பெயரும் அவர் வாழ்ந்த முகவரியும் அங்கே இருந்தன. பணம் மெய்யாகவே இருந்தது!

தாயை அழைத்து, "அம்மா, இவர் இல்லாமலே நாம் விண்ணப்பிக்கலாம், ஒரு காசும் தரவேண்டியதில்லை" என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் கேட்டார்: "அவர் எழுதித்தானே சாமி நமக்குத் தெரிந்தது? ஒன்றும் கொடுக்காமல் விடுவது நியாயமா?"

நேர்மையான இக்கேள்விக்கு நாம் உடனே விடை கூற இயலவில்லை. தெரியாதிருந்தவருக்குத் தெரிவித்தவன் உழைத்திருக்கின்றான். உழைத்தவனுக்குக் கூலி உண்டு. ஆனால், இலவசமாகப் பெறக்கூடியது என்பதை மறைத்து, ஒரு கைம்பெண்ணின் அறியாமையை விலையாக்குவது கூலியாகாது. சட்டம் வகுத்த பத்தில் ஒன்றே இரண்டிற்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு என்று கூறினோம். தாய் அதனை ஏற்றார்.

அவ்வாறே பதில் எழுதினோம். பத்து விழுக்காடு, தொகையின் விவரம், அதனை வைத்திருக்கும் அலுவலகத்தின் பெயர் ஆகியவற்றுடன் ஒப்பந்தம் வந்தால் கையொப்பமிடுவோம் என்றோம். மறுப்பு எதுவுமின்றிப் புதிய ஒப்பந்தம் வந்து சேர்ந்தது! மனைவி மக்கள் இல்லாதவர் இறந்து, தந்தையும் உயிரோடு இல்லையெனில், தாய்க்குப் பாதி, உடன்பிறந்தோருக்குப் பாதி என்பது டெக்சாஸ் சட்டம். ஆகவே தாயும் இரு பெண்மக்களும் சேர்ந்து கையொப்பமிட்டனர். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இணைத்து அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டில் பணம் வந்தது. துப்பறிவாளரும் தம் கூலியைப் பெற்றார்.

நிற்க. நம் நாட்டிலும் இத்தகைய பணம் ஏராளம். பத்தாண்டுகள் இயக்கப்படாத வங்கிக் கணக்குகளின் தொகை, 2014-இல் ஏற்படுத்தப்பட்ட வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகின்றது. 2024 மார்ச் இறுதியில் அது 78,213 கோடி ரூபாயாக இருந்தது. உரிமை அழிந்துவிடுவதில்லை; கணக்கு இருந்த வங்கியிடமே கேட்டுப் பெறலாம். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய 'உத்கம்' இணையதளத்தில் பல வங்கிகளின் கணக்குகளையும் ஒரே இடத்தில் கட்டணமின்றித் தேடலாம்.

ஆகவே, அன்பார்ந்த குடும்பங்களே, இத்தகைய கடிதம் வந்தால் அஞ்சவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். முதலில் அரசின் பட்டியலில் நீங்களே தேடுங்கள். முன்பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். தொகையும் இடமும் எழுதப்படாத தாளில் கையொப்பமிடாதீர்கள். இவற்றிற்கெல்லாம் மேலாக, வங்கிக் கணக்கு, காப்பீடு, பங்குகள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, வீட்டில் இருவர் அறியும்படி வைத்திடுங்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடமும் இதனைக் கேட்டு வாங்குங்கள். அந்த மகன் அவ்வாறு ஒரு தாள் எழுதி அனுப்பியிருந்தால், துப்பறிவாளருக்கு வேலையே இருந்திராது.

வந்த பணத்தைத் தம் பெயரில் வங்கியில் இடுவதற்கு அத்தாயுடன் நாமும் சென்றிருந்தோம். படிவத்தை நிரப்பத் தொடங்கிய எழுத்தரை நிறுத்தி, எவரும் சொல்லிக்கொடாமலே அவர் கேட்டார்: "எனக்குப் பிறகு யார் என்று எழுதுகிற இடம் எது, ஐயா? அதை முதலில் எழுதிவிடுங்கள்."