செத்த நண்டு சட்டிக்கு ஆகாது!

மான்குர்த் நிலையத்தை விட்டு வாஷி பாலத்தில் மின்சார ரயில் ஏறும்போது, கடல் வற்றிய நேரமாக இருந்தால், கீழே சேற்றில் முழங்கால் புதைய நடக்கும் ஆட்கள் சில நாள் கண்ணில் படுவார்கள். கையில் நுனி வளைந்த இரும்புக் கம்பி. தோளில் சாக்குப் பை. அலையாத்திச் செடிகளின் வேரடியில் உள்ள வளைக்குள் கம்பியை விட்டு நண்டைக் கொக்கி போட்டு இழுக்கிறார்கள்.

இங்குள்ள கோலிகள் இதைச் ‘சிம்போரி’ என்கிறார்கள். முத்துப்பேட்டை, பிச்சாவரம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்த களி நண்டுதான் அது. வளைய வலையில் மீன் தலையைக் கட்டி இறக்கியும் பிடிப்பதுண்டு. கம்பியில் சிக்கியது பெரும்பாலும் காலோ கொடுக்கோ ஒடிந்து காயத்தோடு வரும், சீக்கிரம் சாகும். வலையில் வந்தது தாங்கும். ஆகவே வாங்கும்போது கால்களை எண்ணிப் பார்ப்பது நல்லது. வயிற்றுக்கடியில் முட்டையைச் சுமக்கும் நண்டைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும்.

வாளித் தண்ணீர் வேண்டாம்

கொடுக்கைக் கயிற்றால் கட்டிய நண்டை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், அதை வாளித் தண்ணீரில் போடுவது. அங்கேதான் அது சாகிறது. அசையாத தண்ணீரில் உள்ள பிராணவாயு சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். குழாய்த் தண்ணீரில் உப்பும் இல்லை. நண்டின் செவுள் ஈரமாக இருந்தால் போதும், வெளிக்காற்றிலேயே அது மூச்சு விடும். நனைத்துப் பிழிந்த சாக்கில் சுற்றி, நிழலில், காற்றுப்படும்படி வைத்தால் மறுநாளும் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் பையில் இட்டு வாயைக் கட்டினால் இருக்காது.

செத்த நண்டின் உடம்பில் உள்ள செரிமானச் சாறே அதன் சதையைக் கரைக்கத் தொடங்கும்; கிருமிகளும் விரைவாகப் பெருகும். சில கிருமிகள் விட்டுச் செல்லும் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் போகாது. அந்தி நேரத்தில் கால் தொங்கிய நண்டுகளைக் கூறு கட்டி மலிவாகத் தள்ளிவிடுவார்கள். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு மிச்சத்தில் குடும்பம் நடத்துகிறவர்களின் கை அந்தக் கூறுக்குத்தான் நீளும். வாந்தியும் பேதியும் வந்தால் இரண்டு நாள் கூலி போகும். டாக்டர் செலவு வேறு. கண்ணைக் குச்சியால் தொட்டால் உள்ளே இழுக்க வேண்டும். இழுக்காத நண்டு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. மீன் அருகி நண்டு விலை ஏறும் காலம் அது. நாம் ஆடி அமாவாசைக்குக் கவிச்சியை ஒதுக்குகிறோம். மராட்டியர் சிராவண விரதத்துக்கு முன் அதே அமாவாசையை ஒட்டித்தான் ‘கடாரி’ என்று கறியும் நண்டுமாக விருந்து வைக்கிறார்கள்! மழையில் வயல் நண்டும் வெளியே வரும். நன்னீர் நண்டைச் சரியாக வேகவைக்காமல் உண்டால் நுரையீரல் புழு பற்றலாம். மணிப்பூரில் இந்த நோயைக் காசநோய் என்று தவறாக நினைத்து மருந்து கொடுத்தது உண்டு. சளிக்கு நண்டு ரசம் வைப்பவர்கள், இடித்த அம்மியையும் கையையும் நன்றாகக் கழுவ வேண்டும்.

மஞ்சள் கொழுப்பு

தானே கழிமுகத்தின் ஓரம் நெடுக ஆலைகள். நகரத்தின் சாக்கடையும் அங்கே சேர்கிறது. 2022-ல் அது ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதால் மட்டும் தண்ணீர் சுத்தமாகிவிடாது. காட்மியம் போன்ற உலோகங்கள் நண்டின் ஓட்டுக்குள் உள்ள மஞ்சள் பகுதியில்தான் அதிகம் தங்கும். அதை விரும்பித் தின்பவர்கள் பலர். இந்தக் கழிமுக நண்டில் அதையும் செவுளையும் எடுத்து எறிவதே நல்லது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயம் கொடுக்கக் கூடாது.

அரை மணி நேரம் ஐஸில் வைத்தால் நண்டு மரத்துப் போகும், பிறகு வெட்டலாம். ஓடு சிவந்ததும் இறக்கிவிடக் கூடாது. உள்ளே வேகும் முன்பே ஓடு சிவந்துவிடும். கொதி வந்தபின் கால் மணி நேரம் விட்டால், சதை கண்ணாடித்தன்மை போய் வெள்ளையாகும்.

மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது ஊர்ப் பேச்சு. அந்தக் கணக்கை நண்டுக்குப் போட வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லாத ஒற்றை அறையில், அடுப்பை விட்டு இறக்கிய 2 மணி நேரத்துக்குள் சட்டி காலியாகிவிட வேண்டும்.