கப்பலின் வயிற்றில் கடல் கடக்கும் பாசி

பகாங் மாநிலம் என்றதும் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தார்க்கு மலையும் பனிமூட்டமுமே நினைவுக்கு வரும். அதே மாநிலத்தின் கிழக்குக் கரையில் குவாந்தான் துறைமுகம் இருக்கிறது. 2013 நவம்பரிலும் 2014 ஆகஸ்டிலும் அத்துறைமுகப் பகுதியில் எடுத்த சிப்பி வகைகளை உண்டவர்கள் நஞ்சேறி நோயுற்றனர். அந்நஞ்சு சிப்பியில் பிறந்ததன்று. சிப்பி இரையாகக் கொண்ட அலெக்சாண்டிரியம் என்னும் நுண்பாசியில் பிறந்தது.

இத்தகைய பாசி தமிழர்க்குப் புதிதன்று. 1981ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில், கல்பாக்கத்தை அடுத்த வயலூரில் மட்டி உண்டவர்களுள் மூவர் மாண்டனர். முதலில் உதடும் நாவும் மரத்துப் போகும். பின்னர் கைகால் தளரும். நஞ்சு மிகுந்தால் மூச்சுத் தசைகள் செயலற்றுப் போகும். இதற்கு மாற்று மருந்து இல்லை. மருத்துவமனையில் செயற்கை மூச்சளித்து உயிர்காப்பதே வழியாகும்.

இப்பாசிகளுள் சில அந்தந்தக் கடலுக்கே உரியவை. எல்லாவற்றுக்கும் கப்பலைக் குற்றஞ்சாட்டலாகாது. ஆயினும் கப்பலேறிப் புதுக்கடல் புகுந்தவையும் உண்டு. அஃது எவ்வாறு?

மலைப்பாதையில் சுமையேற்றிய லோரி நிதானமாகச் செல்லும்; வெறும் லோரியோ துள்ளிக் குதிக்கும். வெறுங்கப்பலும் அத்தகையதே. சரக்கில்லாக் கப்பல் நீரில் உயர்ந்து மிதந்து, அலையில் நிலைகுலையும். ஆகவே சரக்கை இறக்கிய துறையிலேயே கடல்நீரை அடித்தொட்டிகளில் நிரப்பிக்கொள்வர். சரக்கை ஏற்றும் துறையில் அந்நீரை வெளியேற்றுவர். இதுவே பல்லாஸ்ட் நீர், அதாவது நிலைப்பார நீர். நீரோடு சேறும், சேற்றோடு பாசியும் ஏறிவிடுகின்றன.

தொட்டியினுள் வெளிச்சம் இல்லை. பாசிக்கோ வெளிச்சமே உணவுக்கு ஆதாரம். நீந்தித் திரியும் பாசிகளிற் பெரும்பாலானவை சில நாள்களிலோ வாரங்களிலோ மடிந்துவிடும். ஆனால் அலெக்சாண்டிரியம் போன்றவை தடித்த உறையுள் ஒடுங்கி, அடிச்சேற்றில் படிந்து உறங்கவல்லவை. இவ்வுறங்கு கூட்டின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 30 முதல் 50 பங்கேயாகும். களைச்செடியின் விதை மண்ணுள் கிடந்து மழைக்குக் காத்திருப்பதைப் போல, இது இருளையும் குளிரையும் ஆண்டுக்கணக்கில் தாங்கும். தக்க வெப்பமும் வெளிச்சமும் கிடைத்ததும் உறை பிளந்து வெளிவந்து பெருகும்.

ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் 343 கப்பல்களை ஆய்ந்த விஞ்ஞானிகள் 1992இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 65 விழுக்காட்டில் சேறு இருந்தது. 16 கப்பல்களில் நச்சுப்பாசியின் உறங்கு கூடுகள் இருந்தன. ஒரே ஒரு தொட்டியில் மட்டும் 30 கோடிக்கும் மேற்பட்ட கூடுகள் எனக் கணித்தனர்.

பாசி வந்தேறியதே என்பதை எங்ஙனம் அறிவது? டாஸ்மேனியாவில் கடலடிச் சேற்றை அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வோர் அடுக்கின் வயதையும் கணித்தனர். ஜிம்னோடினியம் கேட்டினேட்டம் என்னும் நச்சுப்பாசியின் கூடு 1972ஐ ஒட்டிய காலத்துக்கு முற்பட்ட அடுக்குகளில் இல்லை. அதன் பின்னரே காணப்பட்டது. மரச்சீவல் ஏற்றுவதற்காக ஜப்பானிலிருந்து வெறுங்கப்பல்கள் வரலான காலமும் அதுவே. 1986இல் அங்குள்ள சிப்பிப் பண்ணைகள் இப்பாசியால் மூடப்பட்டன.

இதற்குப் பரிகாரம் காண 2004இல் அனைத்துலகக் கடல்சார் நிறுவனம் ஓர் ஒப்பந்தம் வகுத்தது. 2017 செப்டம்பர் 8இல் அது நடைமுறைக்கு வந்தது. மலேசியாவும் அதில் இணைந்துள்ளது. முதலில், கரையிலிருந்து 200 கடல்மைல் தொலைவில் தொட்டி நீரை மாற்றச் சொன்னார்கள். நீர் மாறினாலும் அடிச்சேறு தங்கிவிடுமாதலால் அது போதவில்லை. எனவே நீரை வடிகட்டி, புறஊதாக் கதிராலோ குளோரினாலோ தூய்மையாக்கும் முறை வந்தது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 10 முதல் 50 பங்குவரையுள்ள உயிர்கள், வெளியேற்றும் நீரின் ஒரு மில்லிலிட்டரில் பத்துக்கும் குறைவாகவே இருத்தல் வேண்டும் என்பது விதி.

விதி கப்பலைக் காக்கும். அடுப்படியை நாமே காக்க வேண்டும். கெராங், லாலா முதலியவற்றை நன்றாக வேகவைத்தால் போதுமென நம்மிற் பலர் எண்ணுகின்றனர். வெந்நீரில் கிருமி சாகும்; இந்நஞ்சு அழியாது. சுவையாலும் மணத்தாலும் அதனைக் கண்டறியவும் இயலாது. ஆகவே ஒரு கரையில் சிப்பி எடுக்கலாகாதென மீன்வளத்துறை அறிவித்தால், அவ்விடத்துச் சிப்பியை வாங்காதிருப்பதே அறிவுடைமை. உண்டபின் உதடு மரத்தால், பொழுது விடியட்டும் என்றிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.