நான்கு பேரேடு, ஒரே கடன்காரர்

உடும்பஞ்சோலை வட்டாரத்து ஏலத்தோட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உரத்துக்கும் களையெடுப்புக் கூலிக்கும் நகையை அடகு வைக்கிறார். காய் பறித்து, ஸ்டோரில் உலர்த்தி, புற்றடியிலோ போடியிலோ ஏலத்தில் விற்றதும் மீட்கிறார். ஒரு தவணைகூடத் தவறவில்லை. ஆனாலும் ஒரு கடன் தகவல் நிறுவனம் அவருக்கு 760 கடன் மதிப்பெண் காட்டுகிறது, இன்னொன்று 700 காட்டுகிறது. எதில் தவறினோமோ என்று அவர் கலங்கத் தேவையில்லை. அதற்காக, எண்தானே என்று விட்டுவிடவும் கூடாது. அந்த அறுபது புள்ளி வித்தியாசம்தான் தன் கணக்கைச் சரிபார்க்க அவருக்குக் கிடைத்த துப்பு.

பேச்சுவழக்கில் எல்லாமே ‘சிபில்’தான். உண்மையில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 300 முதல் 900 வரை என்ற அளவுகோல் பொதுவானது. கணக்குப் போடும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறு. கடன் கொடுக்கும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நான்கிலும் உறுப்பினராக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2015இல் உத்தரவிட்டது. 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது தகவல் புதுப்பிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. ஆனாலும் ஒரே தகவல் நான்கு பேரேட்டிலும் ஒரே நாளில் ஏறிவிடுவதில்லை.

நகைக்கடனையே பாருங்கள். வட்டியைக் கட்டித் திருப்பி வைத்தால் நமக்கு அது பழைய கடன்தான். பதிவேட்டிலோ பழைய கணக்கு முடிந்து புதிய கணக்கு தொடங்கியதாக ஏறக்கூடும். புதியது ஏறி, பழையது முடிந்த செய்தி ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பிந்தினால், அங்கே ஒரு கடன் இரண்டாகத் தெரியும். பெயரும் சிக்கல்தான். கம்பத்தில் ஒரு முகவரி, நெடுங்கண்டத்தில் ஒரு முகவரி. ஓர் அட்டையில் வெறும் இனிஷியல், பான் அட்டையில் அப்பாவின் முழுப்பெயர். இப்படி இருப்பவரின் கணக்கு ஒரு பேரேட்டில் இரண்டாகப் பிரியலாம், இன்னொருவருடையதோடு கலந்தும் போகலாம்.

‘எந்த வங்கியும் சிபிலைத்தானே பார்க்கிறது, மற்றவை எதற்கு?’ என்று கேட்கலாம். எந்த நிறுவனத்தின் அறிக்கையைப் பார்ப்பது என்று தீர்மானிப்பது கடன் கொடுப்பவர், நாம் அல்ல. ‘நான்குக்குப் பதில் ஒன்றே இருந்தால் குழப்பமில்லையே’ என்பது இன்னும் வலுவான கேள்வி. ஆனால் ஒரே பேரேடு இருந்து அதில் பிழை நேர்ந்தால், ஒப்பிட்டுக் காட்ட வேறு எதுவும் இருக்காது. ‘ஒழுங்காகக் கட்டுகிறவனுக்கு என்ன பயம்?’ என்ற வாதமும் நிற்காது. நாம் கட்டியதைப் பதிவேட்டில் ஏற்றுவது வேறொருவர் கை.

ஆகவே எண்ணைத் துரத்துவதில் பயனில்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் வாங்கி, ஒவ்வொரு கடனும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, பாக்கி ஆகியவற்றை அடகுச் சீட்டோடும் ரசீதோடும் ஒத்துப் பாருங்கள். பிழை இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மழையிலும் குளிரிலும் உழைத்துக் கட்டிய கடன் அது. கட்டி முடித்தோம் என்ற உண்மை நான்கு பேரேட்டிலும் ஏறும்வரை கேட்பது நம் உரிமை.