கரண்ட் போய் வந்தபின் கணினி ஏன் எழும்புவதில்லை?

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. யூபிஎஸ் இல்லாத யாழ்ப்பாண வீடொன்றில், விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால் என்ன ஆகும்? எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு அரைகுறையாக நிற்கும். அது விண்டோஸைத் தொடக்கிவைக்கும் பூட் லோடராக இருந்தால் மறுமுறை கறுத்த திரைதான்.

மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது தாய்ப்பலகைச் சிப்பில் பதிந்த சிறு நிரல். பூட் லோடரைத் தேடி எடுத்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைப்பது அதன் வேலை. பழைய கணினிகளில் பூட் லோடர் தொடங்குவது வன்தட்டின் முதல் 512 பைட்டில். அதிலும் நிரலுக்கு 446 பைட்தான். 64 பைட் பகுதி அட்டவணைக்கு, மிச்சம் 2 பைட் அடையாளக் குறிக்கு. இந்தப் பந்தியைச் சேமிக்கக்கூட அந்த இடம் போதாது! யூஈஎஃப்ஐ என்ற தொடக்க முறையுள்ள புதிய கணினிகளில் பூட் லோடர் தனிச் சிறு பகுதியொன்றில் கோப்பாக இருக்கிறது.

கலியாணப் படங்களும் பிள்ளையின் பாடக் குறிப்புகளும் இருப்பது வேறு இடத்தில். ஆகவே, "ஃபோமற் அடிக்கவேணும்" என்று யாரும் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்.

முதலில் உபுண்டு லினக்ஸ் பதிந்த பென்டிரைவில் கணினியைத் தொடங்கி, கோப்புகளை வெளித்தட்டுக்குப் பிரதியெடுங்கள். பிறகு விண்டோஸ் நிறுவல் பென்டிரைவில் தொடக்கப் பழுதுபார்ப்பை இயக்குங்கள். லினக்ஸும் சேர்ந்திருந்தால் உபுண்டுவிலிருந்தே லினக்ஸின் பூட் லோடரான க்ரப்பை மீள நிறுவலாம். பழைய கணினிகளில் அதைப் பகுதிக்கு அல்ல, முழு வன்தட்டுக்கும் நிறுவவேண்டும். விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் வன்தட்டைப் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்படும்.