கழிவில் இருந்து ஹைட்ரஜன்... பாக்டீரியா பாதியிலேயே நிறுத்துவது ஏன்?

இட்லி மாவு பொங்குவது, நுண்ணுயிரிகள் விடும் கார்பன் டை ஆக்சைடால். மாவுக்குப் பதில் காய்கறிக் கழிவையோ ஆலைக் கழிவுநீரையோ காற்றுப் புகாத தொட்டியில் ஊற்றி, கிளாஸ்ட்ரிடியம் போன்ற பாக்டீரியாவைச் சேர்த்தால், அந்த வாயுவோடு ஹைட்ரஜனும் வரும். வெளிச்சம் தேவையில்லை. அதனால் இதற்கு ‘டார்க் ஃபெர்மென்டேஷன்’ என்று பெயர்.

கேட்க சூப்பரா இருக்கு, இல்லையா? செய்தும் பார்த்துவிட்டார்கள். சாராய ஆலைக் கழிவுநீரை 100 கன மீட்டர் தொட்டியில், அதாவது ஒரு லட்சம் லிட்டர் கொள்ளளவில், சென்னை ஆய்வாளர்கள் 40 மணி நேரம் நொதிக்கவிட்டனர். கிடைத்தது 21.38 கிலோ ஹைட்ரஜன் என்கிறது 2008-ல் வெளியான அவர்களின் ஆய்வுக் கட்டுரை. டொயோட்டா மிராய் காரின் டேங்குக்கு சுமார் 5.6 கிலோ வேண்டும். ஆக, நாலு கார்கூட ஃபுல் ஆகாது.

ஏன் இவ்வளவு கம்மி? ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு தண்ணீரோடு சேர்ந்து முழுசாக உடைந்தால் 12 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வர வேண்டும். இருட்டில் வேலை செய்யும் பாக்டீரியா தருவது அதிகபட்சம் 4. மிச்சமெல்லாம் அசிட்டிக், பியூட்ரிக் அமிலங்களாகத் தொட்டியிலேயே தங்கிவிடும். பாக்டீரியாவைக் குறை சொல்ல முடியாது. அது வாழ்வதற்கான ஆற்றல் கிடைத்துவிட்டது. நாம் கேட்கும் ஹைட்ரஜன் அதற்கு வெறும் கழிவு.

தொட்டிக்குள் வில்லன் கோஷ்டியும் உண்டு. மீத்தேன் உருவாக்கும் நுண்ணுயிரிகள், வந்த கொஞ்ச ஹைட்ரஜனையும் தின்றுவிடும். அதனால், தொட்டியில் சேர்க்கும் சேற்றை முதலில் சூடாக்குகிறார்கள். இவை செத்துவிடும். கிளாஸ்ட்ரிடியமோ கெட்டியான வித்தாக மாறித் தப்பித்துவிடும்.

இந்தக் கணக்கைப் பார்த்தால், ஹைட்ரஜனுக்காகவே கரும்போ மக்காச்சோளமோ பயிரிடுவது கட்டுப்படியாகாது. நிலமும் தண்ணீரும் உரமும் போட்டு விளைவித்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் தொட்டியிலேயே விட யார் தயார்? கழிவு என்றால் கதை வேறு. அதை எப்படியும் சுத்திகரித்தே ஆக வேண்டும். மிஞ்சும் அமிலங்களை அடுத்த தொட்டிக்கு அனுப்பி பயோகேஸ் எடுக்கலாம் (இங்கே மட்டும் மீத்தேன் கோஷ்டிக்கு வரவேற்பு!). ஊதா நிற பாக்டீரியாக்களிடம் கொடுத்து, வெளிச்சத்தில் இன்னும் கொஞ்சம் ஹைட்ரஜனும் வாங்கலாம். ஆனால், அவை ரொம்ப ஸ்லோ.

2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்பது இந்தியாவின் இலக்கு. கிலோவுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு மேல் வெளியேறக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் மத்திய அரசு வகுத்த வரையறையில், உயிர்க்கழிவு வழிக்கும் இடம் உண்டு. இலக்கின் பெரும்பங்கைத் தண்ணீரைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசர்கள்தான் சுமக்க வேண்டியிருக்கும். நொதித்தல் தொட்டிக்கு ஏற்ற இடம், கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஏற்கெனவே செலவழித்துக்கொண்டிருக்கும் சாராய ஆலைகளும் சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளும்தான்.